செல்போனில் கொட்டுது படம்! ஓவியக் கல்லூரிக்கு லைப்ரரி எதற்கு?
புத்தகத்தை லாரியில் ஏற்றிய பல்கலைக்கழகம். மாணவர்கள் தடுத்து நிறுத்திய கதை

பட்டனைத் தட்டினால் படம் வந்து விழுகிற காலம் இது. அப்படியிருக்க, ஓவியம் படிக்கிற பிள்ளைகளுக்காக அலமாரி அலமாரியாகப் புத்தகத்தை அடுக்கி வைத்து, அதற்கு ஒரு கட்டடம், நாலு சிப்பந்தி, கரண்ட் பில் என்று செலவு செய்வது தேவைதானா?

இந்தக் கேள்வி இன்று பல நாட்டுப் பல்கலைக்கழகங்களில் எழுந்திருக்கிறது. ஓர் ஊரில் கேள்வியோடு நிற்கவில்லை. ஒரு மாடிப் புத்தகத்தையே மூட்டை கட்டி வெளியே அனுப்பிவிட்டார்கள்!

'எங்கேயோ நடந்தால் சென்னைக்கு என்ன?' என்று கேட்கலாம். சங்கதி அவ்வளவு தூரத்தில் இல்லை. சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பஸ்சில் போகிறவர்கள் தினமும் பார்க்கிற சிவப்புக் கட்டடத்துக்கும் இந்தக் கேள்வி வந்தே தீரும்.

அதுதான் அரசு கவின் கலைக் கல்லூரி.

டாக்டர் தொடங்கிய கல்லூரி

1850-ம் ஆண்டு அலெக்சாண்டர் ஹண்டர் என்ற வெள்ளைக்கார டாக்டர் தன் சொந்த முயற்சியில் தொடங்கிய பள்ளிக்கூடம் இது. 1852-ல் அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. கல்கத்தாவில் 1854-லும், பம்பாயில் 1857-லும் ஓவியப் பள்ளிகள் வந்தன. ஆக, மூன்றிலும் மூத்தது சென்னைதான்.

1929-ல் இதற்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியர் தேவி பிரசாத் ராய் சவுத்ரி. மெரினாவில் பாறாங்கல்லை நெம்புகிற நாலு உழைப்பாளிகளின் சிலையைச் செய்தவர் அவரே. அவருக்குப் பின் 1957-ல் பொறுப்புக்கு வந்த கே.சி.எஸ்.பணிக்கர், 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உண்டாக்கினார்.

இன்று சென்னை, கும்பகோணம் ஓவியக் கல்லூரிகளும், மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியும் 2013-ல் அமைக்கப்பட்ட இசை மற்றும் கவின் கலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. ஒரு பல்கலைக்கழகம் என்றால் அதற்கு நல்ல கலை நூலகம் இருக்கவேண்டும். அது எப்படி இருக்கவேண்டும், எதற்காக இருக்கவேண்டும் என்பதில்தான் சர்ச்சை.

டெக்சாசில் தகராறு

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் பெரிய பல்கலைக்கழகம் ஒன்று இருக்கிறது. அங்கே ஓவியம், இசை, நாடகம் மூன்றுக்கும் சேர்த்துத் தனி நூலகம். ஒரே கட்டடத்தில் பல மாடி.

2017-ம் ஆண்டு கோடை விடுமுறையில் நாலாவது மாடியில் இருந்த புத்தகங்கள் காலி செய்யப்பட்டன. டிசைன், கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட புதிய பிரிவுக்கு இடம் தேவைப்பட்டது. புத்தகங்கள் புறநகர்க் கிடங்குக்கும், வேறு ஊரில் உள்ள கூட்டுக் கிடங்குக்கும் போய்ச் சேர்ந்தன.

நிர்வாகத்தின் வாதம் என்ன? 'முன்போல யாரும் புத்தகம் எடுப்பதில்லை. இடத்துக்கோ பஞ்சம். வேண்டுமென்று எழுதிக் கொடுத்தால் கிடங்கிலிருந்து வரவழைத்துத் தருகிறோம். புத்தகம் எங்கும் போய்விடவில்லையே!'

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. அடுத்து ஐந்தாவது மாடிக்கும் இதே கதிதான் என்ற பேச்சு கிளம்பியதும் மாணவர்கள் பொறுக்கவில்லை. கையெழுத்து வேட்டை, கூட்டம், கோஷம் என்று இறங்கினார்கள். பேராசிரியர்களும் கூடச் சேர்ந்துகொண்டார்கள். கடைசியில் 2018-ல் நிர்வாகம் இறங்கி வந்தது. ஐந்தாவது மாடி நூலகமாகவே நீடிக்கும் என்று முடிவானது. ஆனால் நாலாவது மாடி போனது போனதுதான்.

அலமாரி முன்னால் நிற்பது ஏன்?

எழுதிக் கொடுத்தால் வரும் என்கிறபோது அந்தப் பிள்ளைகளுக்கு என்ன கோபம்?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. சட்டம் படிக்கிற மாணவனுக்கு எந்தப் புத்தகம் வேண்டும் என்று பெயரோடு தெரியும். ஓவியம் படிக்கிற மாணவனுக்குத் தெரியாது. 'குதிரை திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு கோடு' வேண்டும் என்று வருவான். அதற்கு எந்தச் சீட்டில் என்ன எழுதிக் கொடுப்பது?

அலமாரி முன்னால் நின்று பத்துப் புத்தகத்தைப் புரட்டினால் பதினோராவதில் கிடைக்கும். தேடி வந்தது ஒன்று, கண்ணில் பட்டது இன்னொன்று என்றும் ஆகும். ஓவியப் படிப்பில் பாதி இப்படித்தான் நடக்கிறது.

நூலகத்தில் புத்தகத்தின் முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணுக்கு அர்த்தம் உண்டு. பல நூலகங்களில் வழக்கத்தில் இருக்கும் முறைப்படி 730 என்றால் சிற்பம், 740 கோட்டோவியம், 750 வண்ண ஓவியம், 770 புகைப்படம். ஒரே ஜாதிப் புத்தகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும். சோழர் வெண்கலத்தைத் தேடிப் போகிறவன் கையில் பல்லவர் கல் சிற்பமும் தட்டுப்படும். கிடங்கில் இந்த வசதி கிடையாது. அங்கே இடத்தை மிச்சம் பிடிக்க அளவு பார்த்துப் பெட்டியில் அடுக்குவார்கள்.

சீர்காழிக்காரர் அன்றே சொன்னது

இந்தச் சண்டைக்குத் தீர்ப்பு சொல்ல அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. சென்னைப் பல்கலைக்கழகமே போதும்.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனார். 1931-ல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்துப் புத்தகம் எழுதினார். உலகம் முழுவதும் நூலகப் படிப்பில் இன்றும் பாடம் அது.

புத்தகம் உபயோகப்படத்தான் இருக்கிறது என்பது முதல் விதியின் கருத்து. படிக்க வருகிறவனின் நேரத்தை வீணாக்கக் கூடாது என்பது நாலாவதின் கருத்து. கிடங்கில் பூட்டி, கேட்டால் இரண்டு நாளில் தருகிறோம் என்பது இரண்டுக்குமே விரோதம்.

கிடங்கு நிர்வாகத்தின் குற்றம் மட்டும் அல்ல இது. விலை உயர்ந்த புத்தகம் என்று கண்ணாடி பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை ஒருவர் இடுப்பில் செருகிக்கொண்டு லீவில் போய்விட்டால் அதுவும் இதே கதைதான். புத்தகம் கட்டடத்துக்குள் இருக்கும், மாணவன் கைக்கு வராது.

செல்போன் படம் போதாதா?

'எல்லாம்தான் போனில் இருக்கே சார்' என்பது பலரும் சொல்வது. ஒரு பங்கு உண்மை. உலகத்தின் பெரிய மியூசியங்கள் பலவும் தங்கள் படங்களை இலவசமாகப் பார்க்க விட்டிருக்கின்றன. கோவில்பட்டி மாணவன் பாரிஸ் படத்தைப் பெரிசாக்கிப் பார்க்கலாம். முந்தைய தலைமுறைக்குக் கிடைக்காத பாக்கியம்.

மற்ற மூன்று பங்கு? ஒரே ஓவியத்தைப் போனில் தேடினால் பத்து நிறத்தில் பத்துப் படம் வரும். எது அசல் நிறம்? யார் வரைந்தது, எந்த ஆண்டு, எத்தனை அடி, எண்ணெய் வண்ணமா, நீர் வண்ணமா? சில இடத்தில் இருக்கும், பல இடத்தில் இருக்காது. சுவர் முழுக்க நிறைந்த ஓவியமும் உள்ளங்கை அளவுச் சித்திரமும் போன் திரையில் ஒரே சைஸ்.

நல்ல ஓவியப் புத்தகத்தில் படத்துக்குக் கீழே இத்தனை விவரமும் இருக்கும். தவறாக இருந்தால் பதிப்பாளரின் சட்டையைப் பிடிக்கலாம். போனில் யார் சட்டையைப் பிடிப்பது?

இன்னொன்றும் உண்டு. ஒரு கண்காட்சி நடக்கும்போது அச்சிடும் விவரப் புத்தகம் சில நூறு பிரதிதான் போடுவார்கள். கண்காட்சி முடிந்தால் புத்தகமும் தீர்ந்தது. சென்னை ஓவியர்களைப் பற்றிய செய்திகள் பலவும் இப்படிப்பட்ட மெல்லிய ஏடுகளில்தான் இருக்கின்றன. இணையத்தில் ஏறாத சரக்கு இது. கல்லூரி நூலகம் எடுத்து வைக்காவிட்டால் பழைய பேப்பர் கடைக்குத்தான் போகும்.

கம்ப்யூட்டர் போட்ட 'ஜிப்லி'

2025 மார்ச் மாதக் கடைசியில் ஒரு கூத்து நடந்தது. கல்யாண போட்டோ, குழந்தை போட்டோ எல்லாவற்றையும் ஜப்பான் கார்ட்டூன் மாதிரி மாற்றித் தரும் கம்ப்யூட்டர் வசதி வந்தது. 'ஜிப்லி' என்ற பெயர் மூலை முடுக்கெல்லாம் பரவியது. தெருவில் பாதிப் பேர் தங்கள் முகத்தை மாற்றிக்கொண்டார்கள்.

ஜிப்லி என்பது 1985-ல் தொடங்கிய ஜப்பான் படக் கம்பெனி. ஹயாவோ மியாசாகி என்ற இயக்குநரும் அவர் கூட்டாளிகளும் பெரும்பாலும் கையால் ஒவ்வொரு படமாக வரைந்து வளர்த்த பாணி அது. முகத்தை மாற்றியவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

செயற்கை அறிவுக் கருவி படம் போடுவது எப்படி? உலகத்தில் மனிதர்கள் வரைந்த கோடிக்கணக்கான படங்களைத் தின்றுவிட்டு, அந்த ருசியில் புதிதாக ஒன்று கக்குகிறது. எதிலிருந்து எதை எடுத்தது என்று அது சொல்லாது. இந்த நிலைமையில் 'இதற்கு மூலம் எது?' என்று காட்டக்கூடிய இடம் முன்னைவிட இப்போதுதான் அதிகம் தேவைப்படுகிறது. அந்த இடத்துக்குப் பெயர்தான் கலை நூலகம்.

கடைக்காரருக்கு என்ன லாபம்?

இது ஏதோ ஓவியக்காரர்கள் சமாசாரம் என்று ஒதுக்க முடியாது. கல்யாணப் பத்திரிகை அச்சடிப்பவர், காலண்டர் போடுபவர், புடவை டிசைன்காரர், பிளெக்ஸ் கடைக்காரர், சினிமா செட் போடுபவர் எல்லாருடைய தொழிலும் படத்தில்தான் ஓடுகிறது.

ஒரு உதாரணம். ரவி வர்மா படத்தை யார் வேண்டுமானாலும் காலண்டரில் போடலாம். அவர் 1906-ல் காலமானவர். இந்தியச் சட்டப்படி ஓவியர் மறைந்து 60 ஆண்டு வரைதான் உரிமை உண்டு. ஆனால் 1975-ல் மறைந்த ஓவியர் ஒருவர் தனக்கு உரிமையாக வைத்திருந்த படத்துக்கு 2035-ம் ஆண்டு முடிய அவர் வாரிசுகளைக் கேட்க வேண்டும். உயிரோடு இருப்பவர் படம் என்றால் கேட்கவே வேண்டாம், அனுமதி இல்லாமல் தொட்டால் வக்கீல் நோட்டீஸ்தான்!

படம் யாருடையது, அவர் எப்போது மறைந்தார் என்று எங்கே பார்ப்பது? விவரம் தெரிந்த நூலகர் ஒருவர் பத்து நிமிஷத்தில் எடுத்துக் கொடுப்பார். கல்லூரி நூலகம் வெளியாருக்கும் குறிப்பிட்ட நேரம் கதவைத் திறந்துவிட்டால் தொழில் செய்கிறவர்களுக்கும் பிரயோசனம்.

காப்பாற்றுவது லேசா?

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஓவியப் புத்தகம் வைத்துக் காப்பது யானை வளர்ப்பது மாதிரி. வெளிநாட்டுப் புத்தகம் ஒன்று ஆயிரக்கணக்கில் விலை. கனமோ கனம். சில புத்தகங்கள் சாதாரண அலமாரியில் நிற்காது, படுக்க வைக்க வேண்டும்.

வழவழப்பான ஆர்ட் பேப்பரில் தண்ணீர் பட்டால் ஒரு தாள் இன்னொரு தாளோடு ஒட்டிக்கொள்ளும். காய்ந்த பிறகு பிரித்தால் படம் கையோடு வரும். கடல் காற்றும் ஐப்பசி மழையும் உள்ள ஊரில் ஜன்னலை மூடாமல் போனாலே போதும், நஷ்டம் நிச்சயம்.

போதாக்குறைக்கு பிளேடு. பிடித்த படத்தைக் கிழித்துக்கொண்டு போகிற ஆசாமிகள் எந்த ஊரிலும் உண்டு. இதனால்தான் ஓவிய நூலகங்களில் பல புத்தகங்களை வீட்டுக்குத் தருவதில்லை. அங்கேயே உட்கார்ந்து பார்க்க வேண்டும். அப்படியானால் வகுப்பு முடிந்த பிறகும் சில மணி நேரம் நூலகம் திறந்திருக்க வேண்டாமா? வகுப்பு நேரத்தில் மட்டும் திறந்திருந்தால் யார் போய்ப் படிப்பது?

தீயில் போன நூலகம்

அஜாக்கிரதை எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்பதற்கு ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ ஓவியக் கல்லூரி சாட்சி. சார்லஸ் ரென்னி மெக்கின்டாஷ் கட்டிய அந்தக் கட்டடம் 1909-ல் முடிந்தது. அதன் மர வேலைப்பாடு நூலகத்தைப் பார்க்க உலகமெங்கும் இருந்து ஆள் வருவார்கள்.

2014 மே 23 அன்று, மாணவர் கண்காட்சிக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. ஒட்டு நுரை டப்பாவிலிருந்து கிளம்பிய வாயு, சூடான புரொஜெக்டரில் பட்டுப் பற்றிக்கொண்டது. பழைய காற்றுக் குழாய்கள் வழியே தீ ஏறியது. நூலகம் சாம்பல்! தீயணைப்புக் கருவி பொருத்துகிற வேலை அப்போது பாதியில் நின்றது என்பதுதான் வயிற்றெரிச்சல்.

பழையபடி கட்டி எழுப்பிக்கொண்டிருந்தபோது 2018 ஜூன் 15 அன்று இரண்டாவது தீ. இந்த முறை கட்டடமே போயிற்று. காரணத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று 2022-ல் விசாரணை அறிக்கை வந்தது.

பழைய கட்டடமும் பழைய வயரிங்கும் உள்ள ஒவ்வொரு கல்லூரியும் இதைச் சுவரில் எழுதி வைக்கலாம்.

மூர் மார்க்கெட்டும் கன்னிமாராவும்

சென்னைக்கும் இந்த அனுபவம் உண்டு. சென்ட்ரல் பக்கத்தில் இருந்த மூர் மார்க்கெட், பழைய புத்தகத்துக்குப் பேர் போனது. ஓவியக் கல்லூரியிலிருந்து நடந்து போகிற தூரம். கையில் காசில்லாதவனும் வெளிநாட்டுப் பத்திரிகையைப் புரட்டிப் பார்க்க முடிந்த இடம். 1985 மே மாதம் அது எரிந்துபோனது.

எழும்பூர் கன்னிமாரா இருக்கிறதே என்பார்கள். 1896-ல் திறந்த நூலகம். 1954-ல் வந்த சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி அங்கே வரவேண்டும். பெரிய சொத்துதான். ஆனால் அந்தச் சட்டம் வெளிநாட்டுப் புத்தகத்துக்குச் செல்லாது. அதைக் கல்லூரியோ பல்கலைக்கழகமோ காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

போர்டு எழுதியவர் சேர்த்த பொக்கிஷம்

எடுத்து வைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் உள்ளூரிலேயே உதாரணம் உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா போர்டு எழுதும் ஓவியர். தன் சொந்தக் காசில் புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ் என்று மற்றவர்கள் தூக்கிப் போட்டதையெல்லாம் சேர்த்தார். 1992-ல் அவர் காலமான பிறகு, சிகாகோ பல்கலைக்கழகம் அதை விலை கொடுத்து வாங்கி, சென்னையிலேயே நூலகமாக வைக்க வழி செய்தது. இன்று தமிழ் ஆராய்ச்சிக்கு வருகிறவர்கள் தேடிப் போகிற இடம் அது.

போர்டு எழுதிய ஒரு மனிதரால் முடிந்தது, அரசாங்கமும் பல்கலைக்கழகமும் சேர்ந்தால் முடியாதா?

10 காசு கேட்கும் கேள்வி

சென்னையில் சொத்து வரி கட்டுகிற ஒவ்வொருவரும் ரூபாய்க்கு 10 காசு நூலக வரி சேர்த்துத்தான் கட்டுகிறார்கள். 1948-ல் வந்த பொது நூலகச் சட்டத்தின் ஏற்பாடு இது. அந்தப் பணம் பொது நூலகங்களுக்குப் போகிறது. கல்லூரி நூலகத்துக்கு அதில் பங்கு கிடையாது. அங்கே பட்ஜெட்டில் ஒதுக்கினால்தான் உண்டு. ஒதுக்கீட்டில் கை வைக்க வேண்டி வந்தால் முதலில் அடிபடுவது புத்தகக் கணக்குதான். பெயிண்ட் இல்லாவிட்டால் மாணவன் மறுநாளே சத்தம் போடுவான். புத்தகம் இல்லாவிட்டால் பத்து வருஷம் கழித்துத்தான் தெரியும்!

நூலகத்தின் மேல் கை வைத்தால் ஜனங்கள் சும்மா இருக்க மாட்டார்கள் என்பதும் சென்னை கண்ட உண்மை. 2011 நவம்பரில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தை இடம் மாற்றி அங்கே குழந்தைகள் ஆஸ்பத்திரி வைப்பதாக அறிவிப்பு வந்தபோது, ஐகோர்ட்டு வரை போய்த் தடை வாங்கினார்கள். நூலகம் அங்கேயே இருக்கிறது.

ஆனால் பெரிய நூலகத்தை மூடினால் ஊருக்குத் தெரியும். கல்லூரி நூலகம் அப்படி அல்ல. நூலகர் பணியிடம் காலியாகும், பத்திரிகை சந்தா நிற்கும், திறக்கும் நேரம் குறையும். பூட்டு போடாமலேயே மூடிவிடும்.

ஆகவே கலைக் கல்லூரி எதுவானாலும் பெற்றோரும் மாணவர்களும் கேட்க வேண்டிய கேள்விகள் நாலே நாலு. கலை தெரிந்த நூலகர் இருக்கிறாரா? மாலையில் திறந்திருக்கிறதா? அலமாரியிடம் மாணவன் நேரே போக முடிகிறதா? இந்த ஆண்டு புதுப் புத்தகம் எத்தனை வந்தது?

டெக்சாஸ் மாணவர்கள் இந்தக் கேள்விகளைக் கேட்டபோது ஒரு மாடி ஏற்கெனவே போய்விட்டது. சென்னை, கும்பகோணம், மாமல்லபுரம் மாணவர்கள் அதற்கு முன்பே கேட்டு வைப்பது நல்லது.